ஈசிஜி கோடு தடித்து நடுங்கினால் முதலில் தோலைப் பாருங்கள்: எலக்ட்ரோட் தொடுகையைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஈசிஜி தாளில் கோடு மெல்லியதாக, தெளிவாக ஓட வேண்டும். அது தடித்துப் படர்ந்தோ மேலும் கீழும் அலைந்தோ வந்தால் நம்மில் பலர் செய்வது இரண்டே காரியம். குறுக்கீட்டை வடிகட்டும் பில்டர் பொத்தானை அழுத்துவோம். அல்லது "மெஷின் பழசாப் போச்சு" என்று சொல்லித் தாளைக் கிழித்துக் கொடுத்துவிடுவோம். திருகோணமலையில் கிளினிக்குகளிலும் கிராமத்து மருத்துவ முகாம்களிலும் ஈசிஜி எடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கெட்டுப்போன பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மெஷின் பொறுப்பில்லை. உடம்பில் ஒட்டும் மின்முனையான எலக்ட்ரோட் தோலைத் தொடும் இடத்தில்தான் கோளாறு. அதைச் சரிசெய்ய ஓரிரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தை மிச்சம் பிடித்தால், டொக்டர் மாரடைப்பைக் காட்டும் எஸ்டி பகுதியைப் பார்த்து முடிவெடுக்கும்போது அவர் கையில் இருப்பது நம்ப முடியாத தாள்.

ஈசிஜி எடுக்கும் தாதியர், புதிதாகப் பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகள், வலி குறைக்கச் சிறு மின்னோட்டம் கொடுக்கும் டென்ஸ் மெஷினை வீட்டில் வைத்திருப்பவர்கள், நாள் முழுக்க ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியைக் கட்டிக்கொண்டு வீடு போகும் நோயாளர் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கூடுதலாகப் பேசப்போவது ஈசிஜி பற்றி. மற்றவை கடைசியில் வரும்.

தோல் ஏன் மறிக்கிறது

இதயத்தின் மின்துடிப்பு தோலின் மேற்பரப்புக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்தான் மிஞ்சுகிறது. தாளில் அது 10 மில்லிமீற்றர் உயரமாகப் பதிவாகும். அவ்வளவு சிறிய மின்னழுத்தம் கடந்து வர வேண்டிய கடைசித் தடை, தோலின் மேற்புறத்தில் இறந்த கலங்கள் கூரை ஓடுபோல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் படை. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்ந்த இடங்களில் அதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் போகாது. ஆனால் அது உலர்ந்தது, கொழுப்பு கலந்தது, மின்சாரத்தை எளிதில் விடாதது. எதுவும் செய்யாத உலர்ந்த தோலில், ஈசிஜிக்கு வேண்டிய தாழ்ந்த மீடிறன்களில், ஒரு சதுர சென்ரிமீற்றர் எலக்ட்ரோட்டின் கீழ் மின்தடை பத்துக் கிலோ ஓமிலிருந்து பல நூறு கிலோ ஓம் வரை போகலாம். அதே இடத்தைக் கழுவி லேசாகத் தேய்த்துவிட்டால் சில கிலோ ஓமுக்கு இறங்கிவிடும்.

எலக்ட்ரோட்டைக் குறை சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டும் எலக்ட்ரோட்டுகளுக்கான அமெரிக்கத் தரத்தின்படி, இரண்டு எலக்ட்ரோட்டுகளை ஜெல்லோடு ஜெல் ஒட்டவைத்து 10 ஹேர்ட்ஸில் அளந்தால் சராசரி 2 கிலோ ஓமைத் தாண்டக் கூடாது. தோல் தரும் தடைக்கு முன்னால் இது சொற்பம். ஆகவே பாடுபட வேண்டியது தோலில்தான்.

உடலுக்குள் மின்னோட்டத்தைக் கொண்டுபோவது அயன்கள். வயருக்குள் கொண்டுபோவது இலத்திரன்கள். இந்தக் கைமாற்றம் எலக்ட்ரோட்டின் உலோக மேற்பரப்பில் நடக்கிறது. வெள்ளியின்மேல் வெள்ளிக் குளோரைட்டுப் பூச்சு, அதன்மேல் குளோரைட்டு உப்புக் கலந்த ஜெல் என்ற அமைப்பில் இந்த மாற்றம் நிதானமாக நடப்பதால்தான் பெரும்பாலான ஈசிஜி ஸ்டிக்கர்கள் அப்படிச் செய்யப்படுகின்றன. ஈசிஜியைக் கண்டுபிடித்து 1924 இல் நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஐந்தோவன், நோயாளியின் இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர் நிரம்பிய பாத்திரங்களில் அமிழ்த்தித்தான் பதிவெடுத்தார். உப்பும் ஈரமும் நன்கு ஊறிய தோலும் என்ற அதே மூன்று தேவைதான் இன்றைக்கும். பாத்திரம் சுருங்கி ஸ்டிக்கராகிவிட்டது, அவ்வளவே.

இனி அந்த நடுக்கத்துக்கு வருவோம். நம்மைச் சுற்றி ஓடும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் சுவர் வயரிலிருந்தும் ஃபானிலிருந்தும் நோயாளியின் உடலில் எப்போதும் கொஞ்சம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு எலக்ட்ரோட்டுகளிலும் அது ஒரே அளவாக வந்தால் மெஷின் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இல்லாமல் செய்துவிடும். ஆனால் ஒரு கையில் 5 கிலோ ஓம், மறு கையில் 100 கிலோ ஓம் என்றிருந்தால் இரண்டும் ஒரே அளவாக வராது. மிஞ்சுவதுதான் தாளில் தடித்த கோடு. எனவே தடை குறைந்தால் மட்டும் போதாது, எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைய வேண்டும். நெஞ்சை நன்றாகத் துடைத்துவிட்டுக் கை கால்களை அப்படியே விடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கோடு அலைவதற்குக் காரணம் வேறு. தோலின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையில் எப்போதும் ஒரு சிறு மின்னழுத்தம் இருக்கிறது. தோல் இழுபட்டால் அது சில மில்லிவோல்ட் மாறும். இதயத்தின் துடிப்பே ஒரு மில்லிவோல்ட் என்றால், மூச்சு விடும்போதும் வயர் இழுக்கும்போதும் இந்த மாற்றம் என்ன செய்யும் என்று பாருங்கள். இறந்த படையை லேசாக உரித்துவிட்டால் இந்த மின்னழுத்தமும் பெரிதும் அடங்கும். தேய்ப்பதால் கிடைக்கும் இரண்டாவது பலன் இது. பலருக்கு இது தெரிவதில்லை.

எங்கள் ஊரில் தோல் எப்படி வருகிறது

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் வறண்டு, காலின் முன்பக்கம் வெள்ளைச் செதில் விட்டுக் கிடக்கும். தம்பலகாமத்து வயலில் நின்றவர்களின் முழங்காலுக்குக் கீழே விரல் வைத்தால் சொரசொரப்பு தெரியும். அந்தக் காலில் ஸ்டிக்கரை நேரே ஒட்டினால் செதிலில்தான் ஒட்டும், தோலில் ஒட்டாது. வாடைக் காலத்து மழையில் நனைந்து வருபவர்களுக்கு நேர்மாறு: தோல் ஊறி மென்மையாக இருக்கும், மின்சாரம் நன்றாகப் பாயும், ஆனால் பசை பிடிக்காது. துடைத்து உலர்த்தினால் அவர்களிடம் பதிவு அருமையாக வரும்.

நிலாவெளி, மூதூர், கிண்ணியாப் பக்கம் கடலுக்குப் போய் வருபவர்களின் உடம்பில் காய்ந்த உப்பு இருக்கும். உப்பு மின்சாரத்தைக் கடத்தும்தானே என்று விடக் கூடாது. வியர்வையில் அது கரைந்து ஒரு ஈரப்படலமாகப் பரவினால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நெஞ்சு எலக்ட்ரோட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். பசையும் கழன்றுவிடும்.

பிறகு எண்ணெய். சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கு, மூட்டு நோவுக்குத் தைலம், நெஞ்சுச் சளிக்குப் பாம், வெயிலுக்குப் பவுடர். இவற்றில் எதுவும் மின்சாரத்தைக் கடத்தாது. நெஞ்சு நோகிறது என்று வருபவர்களில் பலர் வீட்டிலேயே நெஞ்சில் பாம் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். வலி வந்த இடமும் வி3, வி4 என்ற நெஞ்சு எலக்ட்ரோட்டுகளை வைக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே கேட்க வேண்டும்: "வாப்பா, நெஞ்சில என்னவும் பூசினீங்களா?" கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் விட்டால், "டொக்டர் ஏசுவார்" என்று பயந்து பேசாமல் படுத்திருப்பார்கள்.

கோணேசர் கோயிலுக்கோ பத்திரகாளி அம்மனுக்கோ போய்விட்டு நேரே வரும் பெரியவர்களுக்கு நெஞ்சிலும் புயத்திலும் திருநீற்றுக் குறி இருக்கும். உலர்ந்த நீறு ஜெல்லை உறிஞ்சிவிடும், பசையையும் பிடிக்க விடாது. அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சொல்லாமல் துடைக்காதீர்கள். "ஐயா, நெஞ்சில இருக்கிறதை மட்டும் ஈரத்துணியால துடைக்கிறன், நெத்தியில இருக்கிறது அப்படியே இருக்கட்டும்" என்று சொன்னால் மறுத்தவர் எவரையும் நான் காணவில்லை. பூணூலையும் தாயத்தையும் கழற்றத் தேவையில்லை. ஒரு பக்கமாக ஒதுக்கி, எலக்ட்ரோட்டையோ வயரையோ தொடாதபடி வைத்தால் சரி.

தட்டில் எடுத்து வைக்க வேண்டியவை

மென்மையான சவர்க்காரம் கரைத்த தண்ணீர், கோஸ் துணி, உலர்ந்த சுத்தமான துவாய், முடி வெட்டும் மெஷின் அல்லது சிறு கத்தரிக்கோல், ஒட்டும் பிளாஸ்டர், ஒரே பையிலிருந்து எடுத்த எலக்ட்ரோட்டுகள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையும் வையுங்கள், ஆனால் முதலில் கைபோக வேண்டியது அதில் அல்ல.

எலக்ட்ரோட் பையில் காலாவதித் திகதியைப் பாருங்கள். திறந்த பை என்றால் எப்போது திறந்தது என்று அதன்மேலேயே பேனையால் எழுதும் வழக்கம் வேண்டும். திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்பது பையிலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் வெக்கையில், வாயைத் திறந்தபடி ஜன்னலோரம் கிடக்கும் பை அந்த நாள்வரை தாங்காது. ஒன்றை உரித்துப் பாருங்கள்: ஜெல் பளபளவென்று ஈரமாக இருக்க வேண்டும். மங்கி, ஓரத்தில் காய்ந்து வெடித்திருந்தால் திகதி என்னவாக இருந்தாலும் அது குப்பைக்கு. மிச்சம் இருக்கும் பையின் வாயை மடித்து, கிளிப் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெவ்வேறு கம்பனிகளின் எலக்ட்ரோட்டுகளை ஒரே ஆளில் கலந்து ஒட்டாதீர்கள். உலோகமும் ஜெல்லும் வேறுபட்டால் அவற்றுக்கிடையே ஒரு நிலையான மின்னழுத்த வேறுபாடு தானாகவே உண்டாகும், கோடு ஓரிடத்தில் நிற்காது.

படிப்படியாகச் செய்யும் முறை

முதலாவது, ஆளைச் சரியாகப் படுக்க வையுங்கள். திரையை இழுத்துவிடுங்கள். பெண்களுக்கு இயன்றவரை பெண் ஒருவரே எடுக்கட்டும். மேலே ஒரு துணியைப் போர்த்தி, வேண்டிய இடத்தை மட்டும் திறந்தால் போதும். கூச்சத்தில் உடம்பை இறுக்கிப் பிடித்திருப்பவரின் தசை நடுக்கமும் தாளில் விழும். கைகள் பக்கத்தில் தளர்வாக, கட்டிலின் இரும்புச் சட்டத்தில் படாமல் இருக்க வேண்டும். கால்களும் அப்படித்தான். கைபேசியை மேசைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முடி. ஸ்டிக்கர் ஒட்டும் அளவு வட்டத்துக்கு மட்டும் ஒட்ட வெட்டுங்கள். சவர அலகால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், எரியும், ஹோல்டர்போல நீண்ட நேரம் இருக்கும் எலக்ட்ரோட்டின் கீழ் புண்ணாகவும் கூடும். வெட்டிய முடித்துகளைப் பிளாஸ்டரால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, கழுவுதல். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த கோஸால், நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு என்று எலக்ட்ரோட் வரும் பத்து இடங்களையும் துடைத்து, வெறும் தண்ணீரில் நனைத்த கோஸால் இன்னொரு முறை துடையுங்கள். எண்ணெயும் பாமும் பூசியவர்களுக்கு இதை இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஒட்டுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். ஸ்பிரிட் எண்ணெயை எடுக்கும், உண்மை. ஆனால் தோலின் ஈரத்தையும் சேர்த்து எடுத்துவிடும். உலர்ந்த தோலில் தடை கூடும். எண்ணெய் விடவே மாட்டேன் என்கிறது, அவசரம் என்றால் ஸ்பிரிட்டைப் பாவியுங்கள், முழுதாகக் காயவிடுங்கள், பின் ஈரக் கோஸால் ஒரு முறை தேய்த்துவிட்டு ஒட்டுங்கள்.

நான்காவது, தேய்த்தல். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். உலர்ந்த கோஸை விரலில் சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு தடவை, ஒரே திசையில், உறுதியாகத் தேயுங்கள். தோல் மிக மெல்லிதாகச் சிவந்தால் போதும். எரிச்சலோ ஈரக்கசிவோ வந்தால் அளவு மீறிவிட்டது. இதற்கென்றே சிறு உரசுதாள் ஒட்டிய பட்டிகளும் மணல் கலந்த பசைகளும் விற்பனைக்கு உண்டு, கிடைத்தால் நல்லது. கடையில் வாங்கும் உப்புத்தாளை நோயாளியின் தோலில் வைக்காதீர்கள். கைக்குழந்தைகள், தோல் கடதாசிபோல் மெலிந்துவிட்ட முதியவர்கள், நீண்டகாலமாக ஸ்டீரொயிட் எடுப்பவர்கள், அந்த இடத்தில் சொறி அல்லது காயம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தப் படி வேண்டாம். அவர்களுக்குக் கழுவி, ஒற்றி உலர்த்துவது மட்டும்.

ஐந்தாவது, ஒட்டுதல். ஸ்டிக்கர் பொத்தான் வகையாக இருந்தால் வயரை முதலில் பொத்தானில் மாட்டிவிட்டு, பிறகு உடம்பில் ஒட்டுங்கள். ஒட்டியபின் மாட்டினால் அழுத்தும்போது நடுவிலுள்ள ஜெல் ஓரத்துக்குப் பிதுங்கிப் பசையைக் கெடுக்கும், நெஞ்சு நோவோடு வந்தவருக்கு அந்த அழுத்தமும் நோகும். ஒட்டும்போது விரலால் ஓரத்தைச் சுற்றி வட்டமாக அழுத்துங்கள், நடுவில் அல்ல. எலும்பு துருத்தும் இடத்தையும் தோல் மடியும் இடத்தையும் தவிருங்கள். பெண்களுக்கு வி4, வி5, வி6 வைக்கும்போது மார்பகத்தை நோயாளியே உயர்த்திப் பிடிக்கச் சொல்லி அதன் கீழே, விலாவோடு ஒட்டினால் தொடுகையும் நன்றாக இருக்கும், இடமும் சரியாக இருக்கும்.

இடத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. ஆனால் நல்ல தோல் கிடைக்கிறது என்பதற்காக எலக்ட்ரோட்டை இடம் மாற்றி ஒட்டாதீர்கள். வி1, வி2 மார்பெலும்பின் இரு கரையிலும் நான்காவது விலா இடைவெளியில். வி4 ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து கீழிறங்கும் கோட்டில். வி3 வி2க்கும் வி4க்கும் நடுவில். வி5, வி6 வி4இன் மட்டத்திலேயே. கை கால் எலக்ட்ரோட்டை ஏதோ காரணத்தால் தோள், இடுப்புப் பக்கம் வைக்க நேர்ந்தால் அதைத் தாளில் எழுதுங்கள், ஏனென்றால் அலைகளின் உருவம் மாறும்.

ஆறாவது, வயர். வயர்களை உடம்போடு ஒட்டினாற்போல் ஒரே பக்கமாக விடுங்கள். தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே எலக்ட்ரோட்டை இழுக்கும். மெஷினின் மின்வயர் அவற்றின் குறுக்கே போகக் கூடாது.

ஏழாவது, பொறுங்கள். ஜெல் தோலுக்குள் ஊறுவதற்கு அவகாசம் தேவை. ஒட்டியவுடன் இருக்கும் தடை நிமிடங்கள் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். இந்த இடைவெளியில் பெயர், வயது, நேரம் எல்லாவற்றையும் மெஷினில் பதிந்துவிடலாம். "மூச்சைச் சாதாரணமா விடுங்கோ, கதைக்காம இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

கோளாறு எந்த எலக்ட்ரோட்டில் என்று கண்டுபிடித்தல்

எல்லாம் செய்தும் கோடு தடித்து வந்தால் பத்தையும் பிடுங்கி மறுபடி ஒட்ட வேண்டாம். தாளே எந்த எலக்ட்ரோட் என்று காட்டிக்கொடுக்கும். தாளில் வரும் ஒவ்வொரு கோடும் ஒரு லீட். முதல் லீட் இடது கைக்கும் வலது கைக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு. இரண்டாவது லீட் இடது காலுக்கும் வலது கைக்கும். மூன்றாவது லீட் இடது காலுக்கும் இடது கைக்கும். ஆகவே ஒன்றும் இரண்டும் கெட்டு மூன்று சுத்தமாக இருந்தால் இரண்டுக்கும் பொதுவான வலது கை, அதாவது சிவப்பு வயர். ஒன்றும் மூன்றும் கெட்டால் இடது கை, மஞ்சள். இரண்டும் மூன்றும் கெட்டால் இடது கால், பச்சை. எல்லா லீட்டும் ஒரே மாதிரித் தடித்திருந்தால் வலது காலின் கறுப்பைப் பாருங்கள். அந்த எலக்ட்ரோட் கணக்கில் எந்த லீட்டிலும் வராது, ஆனால் அது நன்றாகத் தொடாவிட்டால் எதுவும் ஒழுங்காக வராது. ஒரு வி லீட் மட்டும் கெட்டிருந்தால் அந்த எலக்ட்ரோட்தான், யோசிக்கவே வேண்டாம். கை கால்களில் ஒன்று கெட்டால் வி லீட்டுகள் எல்லாவற்றிலும் அதன் சாயல் கொஞ்சம் விழும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள். மேலே சொன்ன நிறங்கள் ஐரோப்பிய முறைக்கு உரியவை. அமெரிக்க முறை கேபிளில் வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. நன்கொடையாக வந்த மெஷின்களில் இந்தக் குழப்பம் உண்டு, எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள்.

அடுத்தது கோட்டின் தன்மை. தாள் விநாடிக்கு 25 மில்லிமீற்றர் ஓடும்போது 50 ஹேர்ட்ஸ் குறுக்கீடு ஒவ்வொரு மில்லிமீற்றருக்குள்ளும் இரண்டு அலையாக, ஒரே சீராக இருக்கும். வேகத்தை 50 ஆக்கினால் மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் பிரிந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். சீரில்லாமல் கூர்மையாகக் கிறுக்கியிருந்தால் தசை நடுக்கம்: குளிர், பயம், அல்லது கையை ஊன்றிப் படுத்திருத்தல். பார்க்கின்சன் நோயாளியின் கை நடுக்கம் விநாடிக்கு நான்கு முதல் ஆறு தடவை. அது இதயமேலறையின் படபடப்பு அலைகளைப் போலவே தாளில் தெரியக்கூடும், ஆகவே நடுங்கும் கையின் எலக்ட்ரோட்டை மணிக்கட்டிலிருந்து மேற்புயத்துக்கு மாற்றிப் பாருங்கள். கோடு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கினால் எலக்ட்ரோட் தளர்வு, காய்ந்த ஜெல், அல்லது தேய்க்காத தோல்.

மெஷினில் பற்றரி இருந்தால் ஒரு சோதனை. பிளக்கைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிடுங்கள். நடுக்கம் அடங்கினால் பிரச்சினை மெஷினின் மின்வழியில் அல்லது நிலத்தொடுப்பில். அடங்காவிட்டால் திரும்பவும் தோலுக்கு வாருங்கள். தடையைப் பார்க்கிறேன் என்று சாதாரண மல்ற்றிமீற்றரை நோயாளியின்மேல் ஒட்டிய எலக்ட்ரோட்டில் வைத்துவிடாதீர்கள். அதன் நேர்மின்னோட்டம் எலக்ட்ரோட்டின் நிலையைக் குழப்பிவிடும், அது காட்டும் எண்ணும் பொய், நோயாளிக்குப் பாதுகாப்பும் இல்லை.

பில்டரைப் பற்றி ஒரு வார்த்தை

பில்டர் கெட்டதல்ல. ஆனால் எதைத் தின்கிறது என்று தெரிந்து போட வேண்டும். வளர்ந்தவர்களின் ஈசிஜிக்கு மேல் எல்லை 150 ஹேர்ட்ஸ் இருக்க வேண்டும். நடுக்கத்தை மறைக்க அதை 40க்கு இறக்கினால் கோடு அழகாக வரும், ஆனால் துடிப்பின் உயர்ந்த கூரான அலையான கியூஆர்எஸ்ஸின் கூர்மையும் சிறு வெட்டுகளும் பேஸ்மேக்கரின் குத்துக்கோடும் மழுங்கும். அலைவை அடக்கக் கீழ் எல்லையை 0.05இலிருந்து 0.5க்கு உயர்த்தினால் சில மெஷின்களில் எஸ்டி பகுதியே வளைந்துவிடும். மாரடைப்பா இல்லையா என்று தீர்மானிக்கும் இடமே அதுதான். தோலைச் சரிசெய்தபின் போடும் பில்டர் உதவி. தோலுக்குப் பதிலாகப் போடும் பில்டர் ஆபத்து.

கிளிப்பும் உறிஞ்சு பல்ப்பும்

சிறிய கிளினிக்குகளில் கை கால் கிளிப்பும் நெஞ்சுப் பல்ப்பும்தான் இன்னும் ஓடுகின்றன. நன்றாகப் பாவித்தால் அவையும் நல்ல பதிவு தரும். பெரும்பாலும் நடப்பது ஜெல்லை அள்ளி நெஞ்சு முழுக்கப் பூசுவது. வி1இலிருந்து வி6 வரை ஒரே ஜெல் கோடாகிவிட்டால் ஆறும் ஏறக்குறைய ஒரே உருவமாகப் பதிவாகும், இதயத்தின் முன்சுவரைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சிறு பொட்டு போதும், பக்கத்துப் பொட்டைத் தொடக் கூடாது. ஸ்கேன் ஜெல்லை இதற்குப் பாவிக்காதீர்கள். அது ஒலி அலைக்கு, அதில் தேவையான உப்பு இல்லை. ஈசிஜி ஜெல் முடிந்துவிட்டால் சேலைனில் நனைத்துப் பிழிந்த சிறு கோஸ் துண்டு அதைவிட நன்றாக வேலை செய்யும், காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு ஆளுக்குப் பின்னும் ஜெல்லை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, தொற்றுநீக்கித் துடைத்து, காயவிடுங்கள். காய்ந்த ஜெல்லின் வெள்ளைப் பொருக்கும் உலோகத்தில் பச்சைக் கறையும் இருக்கும் கிளிப்பில் எவ்வளவு புது ஜெல் போட்டாலும் பயனில்லை. வெள்ளிக் குளோரைட்டுப் பூசிய பல்ப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் உரசினால் பூச்சு போய்விடும், பிறகு அது வெறும் உலோகம்.

வியர்த்துக் கொட்டும் நோயாளி

நெஞ்சு நோவோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது நியமம். அவர்தான் அதிகம் வியர்ப்பவரும். இங்கே கழுவுதலை விட்டுவிடுங்கள். துவாயால் அழுத்தித் துடைத்து, கோஸால் ஒரு தேய்ப்பு, உடனே ஒட்டுங்கள். ஒருவர் ஒட்டும்போது இன்னொருவர் அடுத்த இடத்தைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். பிடிக்கவே இல்லை என்றால் டிங்சர் பென்சோயின் என்ற ஒட்டும் திரவத்தை ஸ்டிக்கரின் ஓரம் வரும் வட்டத்தில் மட்டும் பூசிக் காயவிட்டு ஒட்டுங்கள். ஜெல் வரும் நடுப்பகுதியில் பட்டால் அது மின்சாரத்தை மறித்துவிடும்.

இதயம் நின்றுபோனவருக்கு அதிர்ச்சி கொடுக்கும் பட்டைகளின் கணக்கு வேறு. நெஞ்சின் தடை அங்கே ஓமில்தான் பேசப்படும், பெரும்பாலும் 70, 80 ஓம் அளவில். உப்புவெளிக் கடலில் மூழ்கியவரை வெளியே எடுத்தால் நெஞ்சை வேகமாகத் துடைத்து உலர்த்தாமல் பட்டை ஒட்டக் கூடாது. உப்புநீர் வழியே மின்சாரம் இரு பட்டைகளுக்கும் நடுவில் தோலின் மேலாகவே ஓடிவிடும், இதயத்துக்குப் போய்ச் சேராது. ஸ்பிரிட் அந்த இடத்தில் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். பட்டையின் முழுப் பரப்பும் காற்றில்லாமல் படியும்படி அழுத்துங்கள். நெஞ்சு அமுக்குவதை இதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

ஹோல்டர், மூளைப் பதிவு, டென்ஸ்

ஹோல்டர் ஒரு நாளோ அதற்கு மேலோ உடம்பில் இருக்கும். வருவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் குளித்து, எண்ணெய், பவுடர், கிறீம் எதுவும் பூசாமல் வரச் சொல்லுங்கள். இந்த ஒரு அறிவுறுத்தலைக் கிளினிக் துண்டில் எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. எலக்ட்ரோட்டுக்குப் பக்கத்தில் வயரை ஒரு சிறு வளையமாக மடித்துப் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். இழுபட்டால் வளையம்தான் விரியும், எலக்ட்ரோட் அசையாது.

மூளையின் மின்பதிவான ஈஈஜியில் அலைகள் மைக்ரோவோல்ட் அளவானவை, இதயத்தின் அலையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. அங்கே ஒவ்வொரு எலக்ட்ரோட்டின் தடையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை தேய்ப்பது நீண்டகால வழக்கம். நம் ஆட்களின் தலையில் தேங்காய் எண்ணெய் இல்லாத நாளில்லை. முதல் நாள் இரவு ஷாம்பு போட்டு முழுகி, எண்ணெயும் கண்டிஷனரும் வைக்காமல், காலையில் தலை காய்ந்தபடி வர வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாமாருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வெறும் தலையோடு பிள்ளையை வெளியே கூட்டிவர அவர்களுக்கு மனம் வராது, காரணத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

டென்ஸ் மெஷினில் நாம் மின்சாரத்தை வாங்குவதில்லை, கொடுக்கிறோம். பட்டை ஓரம் கிளம்பியிருந்தால் மின்னோட்டம் முழுவதும் தொடும் சிறு பகுதி வழியாகவே பாயும், அங்கே சுள்ளென்று குத்தும், தோல் வெந்தும் போகலாம். குத்துகிறது என்றால் அளவைக் கூட்டுவதோ பொறுத்துக்கொள்வதோ அல்ல மருந்து. நிறுத்தி, பட்டையைக் கழற்றி, தோலைக் கழுவி, காய்ந்த ஜெல்லின்மேல் ஓரிரு துளி தண்ணீர் விட்டு, சற்றுநேரம் வைத்து மறுபடி ஒட்டுங்கள். அதற்கும் பிடிக்காத பட்டையை மாற்றத்தான் வேண்டும். இங்கே தோலைத் தேய்க்காதீர்கள், கீறிய தோலில் மின்னோட்டம் ஓரிடத்தில் குவியும். பட்டைகளை மற்றவரோடு பகிர வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்புறத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் ஒட்டக் கூடாது.

கழற்றும்போது

ஸ்டிக்கரைச் செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் முதியவர்களின் தோல் கூடவே வரும். ஓரத்தை ஈரக் கோஸால் நனைத்து, ஒரு விரலால் தோலை அமர்த்திப் பிடித்துக்கொண்டு, ஸ்டிக்கரை அதன்மேலேயே மடித்தாற்போல் மெதுவாக உருட்டி எடுங்கள். மிஞ்சிய ஜெல்லைத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், உப்பு காய்ந்தால் அரிக்கும். நாளாந்தம் மொனிட்டரில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரோட்டை ஒவ்வொரு நாளும் மாற்றி, கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவந்திருந்தால் புதியதை ஒரு விரற்கடை தள்ளி ஒட்டுங்கள்.